ஹன்சா 3க்கும் ஹன்சா என்ஜிக்கும் நடுவில் ஏன் இத்தனை வருடம்?

கோவை_ஏரோ:

வணக்கம். கோவையில் ஏரோநாட்டிகல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அரசின் விமான ஆய்வகமான பெங்களூரு என்ஏஎல் உருவாக்கிய ஹன்சா 3 பயிற்சி விமானம் பற்றிக் கட்டுரை எழுதும்போது வந்த சந்தேகம். 1998 மே 11, பொக்ரான் சோதனை நடந்த அதே நாளில் ஹன்சா 3 பறந்தது. 2000ல் விமானங்களுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் சான்றிதழ் கிடைத்தது. அதன் புதிய வடிவமான ஹன்சா என்ஜி முதன்முதலாகப் பறந்தது 2021 செப்டம்பர் 3ல். இரண்டிலும் இரண்டே இருக்கை, ரோட்டாக்ஸ் இன்ஜின், பைபர் உடல். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன. பிறகு ஏன் இவ்வளவு காலம்?

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஃபோமும் கிளாஸ் துணியும் வைத்து ஒரு மீட்டர் நீளத்தில் இறக்கை ஒன்று செய்தோம். மூன்று நாளில் முடிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கேள்வி. கூடவே இன்னொன்று: இந்த வகை விமானங்கள் பெரும்பாலும் ஏன் வெள்ளையாகவே இருக்கின்றன?

லேஅப்_டேபிள்:

தம்பி, பெங்களூரில் சிறு விமானப் பாகங்கள் செய்யும் ஒரு யூனிட்டில் பதினோரு வருடம் லேஅப் வேலை, அதாவது பிசின் துணியை அடுக்கடுக்காகப் படியவைக்கும் வேலை, பார்த்தவள் நான். பணம், ஆர்டர் எல்லாம் தனிக் கதை. டேபிள் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

அலுமினியத் தகடு ஆலையிலிருந்து வரும்போதே தகடுதான். அதன் பலம் இவ்வளவு என்று பேப்பரோடு வந்துவிடும். நாம் வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்தால் போதும். துணியும் பிசினும் சேர்த்துச் செய்யும் காம்போசிட்டில் அந்தப் பொருளே நம் டேபிளில்தான் பிறக்கிறது. துணி ரோலில் இருக்கிறது, பிசின் டின்னில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இறுகுகிற அந்தச் சில மணி நேரத்தில் அறையின் சூடு, காற்றின் ஈரம், பிசினை இறுகவைக்கும் ஹார்டனரின் அளவு, ரோலர் பிடித்த கை எல்லாமே அதற்குள் போய்விடும். அதனால் வரைபடம் சரியாக இருக்கிறது என்று காட்டினால் மட்டும் சான்றிதழ் தரமாட்டார்கள். இன்று செய்ததும் ஆறு மாதம் கழித்து வேறு ஆள் செய்வதும் ஒரே பலத்தோடு வரும் என்று நிரூபிக்க வேண்டும். துண்டு துண்டாகச் சோதனைப் பட்டை வெட்டி, ஈரம் ஏற்றி, சூடாக்கி, இழுத்து, நசுக்கிப் பார்க்க வேண்டும். துணியையோ பிசினையோ மாற்றினால் அந்த வேலையில் பெரும்பகுதி மறுபடி முதலிலிருந்து.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிரீபிரெக் என்று பிசின் ஏற்றிய துணி வரும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருப்போம். வெளியே எடுத்தால் பையைப் பிரிக்காமல் அப்படியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். ஒரு நாள் அவசரம் என்று மேலே இருந்தவர் சொல்ல, சில்லென்று இருக்கும்போதே பிரித்துவிட்டோம். துணிமேல் பனி கோத்ததுபோல் ஈரம் படிந்தது, துடைத்தோம். ஓவனிலிருந்து வெளியே வந்த இன்ஜின் மூடி பார்க்க அழகாக, பளபளவென்று இருந்தது. ஐந்து ரூபாய்க் காசை எடுத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே போனேன். டிக், டிக், டிக் என்று வந்த சத்தம் ஓர் இடத்தில் டொப் என்று அமுங்கியது. உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கு பிரிந்து நின்றது. அந்த மூடியை அன்றே அறுத்துப் போட்டோம். பறந்திருந்தால் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

ஹன்சா என்ஜியின் உடல் ஜிப்ரெக் என்ற முறையில் செய்தது. பெயரின் பொருளே தேவைப்படும் நேரத்தில் பிரீபிரெக் என்பதுதான். ஃப்ரீசரோடு மல்லுக்கட்டிய எனக்கு அதன் அருமை தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் தம்பி மாதிரி இருப்பது உள்ளே வேறு என்பது இதுதான். அதோடு டிஜிட்டல் திரைக் காக்பிட், விமானிகளின் தலைக்கு மேல் குமிழ் மாதிரிக் கேனப்பி, மின்சாரத்தில் இறங்கும் இறக்கை ஃபிளாப், எரிபொருள் ஊசி மூலம் போகும் ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ். ஒவ்வொன்றுக்கும் தனித் தனியாகச் சோதனை உண்டு.

வெள்ளைக்குக் காரணம் வெயில். குறைந்த சூட்டில் இறுகிய எபாக்ஸிப் பிசின், ஓர் அளவுக்கு மேல் சூடேறினால் இளகத் தொடங்கும். உச்சி வெயிலில் நிற்கும் வெள்ளைப் பரப்பு 54 டிகிரி வரை போகும் என்று வைத்துத்தான் மிக இலகுவான விமானங்களுக்கான ஐரோப்பிய விஎல்ஏ விதி கணக்குப் போடுகிறது. அடர்ந்த நிறம் அடித்தால் அந்தக் கணக்கே போச்சு.

ரன்வே_09:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். ஹன்சா 3ஐ லைட் ஸ்போர்ட் என்று கட்டுரையில் எழுதிவிடாதே. 2004ல் அமெரிக்கா கொண்டுவந்த லைட் ஸ்போர்ட் விதியில், தரையில் இறங்கும் விமானத்துக்கு எடை 600 கிலோ, வேகம் 120 நாட் என்று எல்லை வைத்திருந்தார்கள். ஹன்சா 3 அந்த விஎல்ஏ விதியில் வந்தது, அங்கே எல்லை 750 கிலோ. பயிற்சி விமானம் தினமும் பத்து முறை தொம்மென்று இறங்க வேண்டும், அதற்கு அந்தக் கூடுதல் எடை வேண்டும் என்பது என் கருத்து.

பறந்த பிறகும் வேலை முடியாது. பெங்களூரு ஏறத்தாழ 3000 அடி உயரம். கடல் மட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க 2022 பிப்ரவரி 19ல் என்ஜியைப் புதுச்சேரிக்குப் பறக்கவிட்டார்கள், 140 கடல் மைல். மார்ச் 5ல் திரும்பியது. மே மாதம் கர்நாடகாவின் சல்லகெரேயில் 7000, 8000 அடி உயரத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். காற்றாடி நின்றுபோன முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த விமானிகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கோவை_ஏரோ:

அக்கா, காசு வைத்து எங்கள் இறக்கையைத் தட்டினேன். பின்விளிம்புப் பக்கம் மூன்று இடத்தில் டொப். செய்த அன்று பிசின் முழுவதையும் ஒரே மக்கில் கலந்தோம். பாதி வேலையில் மக் கையில் பிடிக்க முடியாமல் கொதித்தது, புகையும் வந்தது. வேகமாகப் பூசி முடித்துவிட்டோம். அதனாலா?

லேஅப்_டேபிள்:

அதனால்தான். எபாக்ஸி இறுகும்போது தானே சூடு விடும். மக்கில் மொத்தமாக இருந்தால் சூடு வெளியே போக வழியில்லை, இன்னும் வேகமாக இறுகும். அடுத்த முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்பி வை. ஒவ்வொரு கலவைக்கும் நேரமும் அறைச் சூடும் நோட்டில் எழுது. டொப் வந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, குறுக்கே ஹேக்ஸாவில் அறுத்துப் பார். மாஸ்க் போட்டுக்கொள்.

கோவை_ஏரோ:

அறுத்தோம் அக்கா. நான்கு விரல் அகலத்துக்குக் கீழ் அடுக்குத் துணி நனையவே இல்லை. வெள்ளை நூலாக அப்படியே இருக்கிறது, நகத்தால் கிள்ளினால் பிரிகிறது.