புதுப்பிப்பு: ஒளிரும் மாடுலர் சிந்த், முன்பலகை தயார்

என் மாடுலர் சிந்தசைசரின் (தனித்தனிப் பகுதிகளை வயரால் இணைத்து ஒலி உருவாக்கும் மின்னணு இசைக்கருவி) முன்பலகையை, அதாவது யூரோராக் என்ற அளவுமுறையில் செய்த பலகையை, இருட்டில் ஒளிரவைக்க என்ன பூசலாம் என்று போன பதிவில் கேட்டிருந்தேன். இ.எல். கம்பியை (மின்சாரம் கொடுத்தால் ஒளிரும் கம்பி) விட்டுவிட்டேன், அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டரின் இரைச்சல் ஆடியோவில் ஏறக்கூடும். வெளிச்சத்தை உள்வாங்கி இருட்டில் ஒளிரும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் தூளுக்கு மின்சாரமே வேண்டாம், பழைய துத்தநாக சல்பைடை விடப் பல மடங்கு நேரம் ஒளிரும். ஆனால் ஈரம் பட்டால் கெடும், சென்னைக் காற்று வேறு! அதனால் எபாக்சி பிசினில் கலந்து, 128.5 மி.மீ. உயர அக்ரிலிக் பலகையில் செதுக்கிய கோடுகளில் ஊற்றினேன். தூள் கனமானது, அடியில் படியும். எபாக்சி சற்றுக் கெட்டியாகத் தொடங்கியதும் ஊற்றுங்கள்.

வயர் செருகும் ஜாக்குகள் ரிச்சி தெருவில் வாங்கியவை. அப்புறம், பச்சை நிறத் தூளின் ஒளிதான் அதிக நேரம் நிற்கிறது. ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் குமிழைச் சுற்றி மட்டும் நீலம், அவ்வளவு அழகு! விளக்கில்லாமலே கை சரியாக அங்கே போகிறது. அடுத்து, சுரங்களை வரிசையாக இசைக்கவைக்கும் சீக்வென்சரின் பலகை.