ரெசின் தலை பிளாஸ்டிக் உடம்பில் நிற்கவில்லை: மதராஸ் சேப்பர்ஸ் குழுவுக்கு உதவி தேவை

சப்பர்28:

வணக்கம். மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக (வார்கேம்), 28 மி.மீ. அளவுள்ள சின்ன உருவங்களாக, ஆறு பேர் கொண்ட கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். மதராஸ் சேப்பர்ஸ் (இந்திய ராணுவத்தின் பொறியாளர் படை), இத்தாலி, 1944 பிப்ரவரி. இதற்கென்றே ஒரு கிட் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் மூன்று இடத்திலிருந்து பாகங்களைச் சேர்த்தேன்.

உடம்பு ஒரு பிரிட்டிஷ் காலாட்படை பிளாஸ்டிக் கிட். கம்பளி பேட்டில்டிரெஸ் (பிரிட்டிஷ் போர்ச் சீருடை) போட்டிருப்பதால் இத்தாலிக் குளிருக்குப் பொருந்துகிறது. ஆனால் என் ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) இருக்கும் தலைகள் எல்லாம் ஆமையோடு மாதிரியான மார்க் 3 ஹெல்மெட். அது 1944 ஜூனில் நார்மண்டியில்தான் களத்துக்கு வந்தது. எனக்கு வேண்டியது பழைய தட்டு ஹெல்மெட், மார்க் 2. நண்பர் ஒருவர் ரெசினில் பிரின்ட் செய்து கொடுத்தார். கைகளை இடைக்கால ஈட்டிக்காரர் கிட்டிலிருந்து எடுத்தேன். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்திருப்பதால் மைன் டிடெக்டர் பிடிக்கச் சரியாக வரும் என்று நினைத்தேன்.

பிரச்சினைகள்:

பிளாஸ்டிக் சிமென்ட் போட்டு ஒட்டிய தலை, ஒரு ராத்திரி முழுக்க வைத்தும், தொட்டதும் கழன்று விழுகிறது. கைகள் கெட்டியாக நிற்கின்றன. அப்புறம் சூப்பர் க்ளூ போட்டுப் பார்த்தேன். தலை நின்றது, ஆனால் கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிட்டது. தலையும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. ஈட்டியை வெட்டிவிட்டு முஷ்டியில் ஓட்டை போட்டதில் ஒரு கை பிளந்துவிட்டது.

என் தாத்தாவின் அண்ணன் சேப்பர்ஸில் இருந்தவர். வீட்டில் அவருடைய ஒரே ஒரு போட்டோ இருக்கிறது. அதனால் இதை அரைகுறையாக முடிக்க மனம் வரவில்லை.

உப்புத்தாள்:

தம்பி, தலை விழுவதற்குக் காரணம் எளிது. பிளாஸ்டிக் சிமென்ட் பசை இல்லை, கரைப்பான். பாலிஸ்டைரீனை இரண்டு பக்கமும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். கை நின்றது அதனால்தான், இரண்டு கிட்டும் பாலிஸ்டைரீன். ரெசின் அதில் கரையாது. நீங்கள் ஒட்டியதில் உடம்பின் கழுத்துக்குழி மட்டும் இளகிக் காய்ந்திருக்கும், தலை அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ரெசின், உலோகம் எது வந்தாலும் சூப்பர் க்ளூதான்.

ஆனால் அதற்கு முன்னால் தலையைக் கழுவுங்கள். பிரின்ட் செய்த ரெசினில் இறுகாத பிசுக்கு மிச்சம் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. கையுறை போட்டுக்கொண்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். நன்றாகக் காய்ந்ததும் வெயிலில் வையுங்கள். கழுத்துக்குழியில் காய்ந்த சிமென்ட் பளபளப்பாக இருக்கும், அதைக் கத்தி நுனியால் சுரண்டிச் சொரசொரப்பாக்குங்கள். ரெசினைத் தேய்ப்பதாக இருந்தால் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், மாஸ்க்கும் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

விளையாடும்போது கை பட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் உள்ளே ஒரு கம்பித் துண்டை ஆணி மாதிரி (பின்) வைத்துவிடுவது நல்லது. விரலால் உருட்டும் சின்ன டிரில்லில் 0.8 மி.மீ. பிட், அதே தடிமனில் ஒரு துண்டுக் கம்பி. தலையில் முதலில் ஓட்டை போட்டுக் கம்பியை ஒட்டி, ஒரு மி.மீ. வெளியே நீட்டியபடி வெட்டுங்கள். கம்பி முனையில் ஒரு பொட்டு பெயின்ட் வைத்து, தலையைக் கழுத்துக்குழியில் மெல்ல ஒற்றினால் புள்ளி விழும். அங்கேதான் இரண்டாவது ஓட்டை. கண்ணளவில் போட்டால் கட்டாயம் தள்ளிப்போகும்.

வைகைக்கரை:

வெள்ளைப் பூப்பு பற்றி: க்ளூ காயும்போது வெளிவரும் ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகிப் பக்கத்தில் படிவதுதான் அது. மழைக்காலத்தில், ஜன்னலை மூடிக்கொண்டு, ஒரு சொட்டு முழுக்க விட்டால் நிச்சயம் பூக்கும். பல்குச்சி நுனியில் தொட்டு வைக்கிற அளவு போதும். காற்றோட்டமான இடத்தில் காய வையுங்கள். ஏற்கெனவே பூத்ததைப் பற்றிக் கவலை வேண்டாம், இன்னும் பெயின்ட் அடிக்கவில்லையே. லேசாகத் தேய்த்துவிட்டு பிரைமர் அடித்தால் மறைந்துவிடும். பெயின்ட் அடித்த பிறகு பூத்தால்தான் வேதனை.

கழுத்து இடைவெளிக்கு கிரீன் ஸ்டஃப் (உருவம் செதுக்குபவர்கள் பயன்படுத்தும் எபாக்ஸி புட்டி) இல்லையென்றால் எம்-சீல் போதும். இழுவை குறைவு, துணி மடிப்புக்கு அவ்வளவு ஒத்துவராது, ஆனால் கழுத்து அடைக்க நன்றாகவே இருக்கும். விரலையும் கருவியையும் நனைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

ஹெக்ஸ்மேசை:

தலை பெரிதாகத் தெரிவதை அளந்தே பார்த்துவிடலாம். மார்க் 2 ஹெல்மெட்டின் விளிம்பு உண்மையில் சுமார் 30 செ.மீ. அகலம். 28 மி.மீ. உருவங்களுக்கு 1/56 என்று எடுத்துக்கொண்டால் 5.4 மி.மீ. வர வேண்டும். உங்களுடையது எவ்வளவு?

சப்பர்28:

வெர்னியரில் 6.2 வருகிறது.

ஹெக்ஸ்மேசை:

அப்படியென்றால் கணக்குப்படி தலையை 87 சதவீதமாகச் சுருக்க வேண்டும். ஆனால் அப்படியே பிரின்ட் செய்யாதீர்கள். வார்கேம் உருவங்களில் பலவற்றுக்குத் தலையும் கையும் நிஜத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே செதுக்கியிருப்பார்கள், உங்கள் உடம்பும் அப்படித்தான் இருக்கும். நண்பரிடம் 88, 91, 94 என்று மூன்று அளவில் ஒவ்வொன்று கேளுங்கள். கழுத்தில் ப்ளூ டாக் (ஒட்டி எடுக்கக்கூடிய பசைக் களிமண்) வைத்து நிறுத்தி, கையெட்டும் தூரத்திலிருந்து பாருங்கள். மேசையில் அந்தத் தூரத்தில்தானே பார்க்கப்போகிறோம்.

உப்புத்தாள்:

முஷ்டி பிளந்தது பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஒரே பக்கத்திலிருந்து துளைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். முஷ்டியின் மேலும் கீழும் நடுவில் ஊசியால் குத்தி அடையாளம் வையுங்கள். மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துத் தூளை ஊதிவிடுங்கள். அழுத்தவே கூடாது, பிட்டே இறங்கும். முதலில் 0.5, அப்புறம் 0.8. பிளந்த கையையும் தூக்கிப் போடாதீர்கள், சிமென்ட் ஒரு தொடு தொட்டுக் கிடுக்கியால் ஐந்து நிமிடம் பிடித்தால் சேர்ந்துவிடும். மறுநாள் துளைக்கலாம்.

முக்கியமான ஒன்று: கைகளை உடம்பில் ஒட்டிவிட்டு அப்புறம் கம்பியை நுழைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு ஓட்டையும் ஒரு நேர்கோட்டில் வரவே வராது. முதலில் இரண்டு கையையும் கம்பியில் கோத்துக்கொள்ளுங்கள். கோத்தபடியே தோளில் சிமென்ட் வைத்துப் பொருத்துங்கள். சிமென்ட் இறுகச் சில நிமிடம் ஆகும், அந்த நேரத்தில் கம்பியின் சாய்வைச் சரிசெய்து விடலாம். இங்கே சூப்பர் க்ளூ வேண்டாம், அது திருத்த நேரம் தராது.

வைகைக்கரை:

டிடெக்டர் எந்த மாதிரி செய்கிறீர்கள்? அந்தக் காலத்துக்குப் போலிஷ் டிடெக்டர் சரியாக இருக்கும். போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி ஸ்காட்லாந்தில் இருந்தபோது உருவாக்கியது, 1942இல் எல் அலமைனில் ஐந்நூறு போனது. எடை 14 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் நிமிர்ந்து நிற்க மாட்டார், இடுப்பை லேசாக முன்னால் சாய்த்து வையுங்கள். தேடும் தட்டுக்கு 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் ஒரு நீள்வட்டம் வெட்டினால் போதும். கம்பிலிருந்து முதுகுப் பைக்கு ஒரு ஒயர் போக வேண்டும், பழைய ஹெட்போன் ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழை அதற்கு அருமை.

சப்பர்28:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

91 சதவீதம்தான் சரியாக இருந்தது. 88இல் முகம் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டது. கழுவி, கம்பிப் பின் வைத்து ஒட்டிய ஆறு தலையும் நிற்கின்றன. ஒன்றை வேண்டுமென்றே மேசையிலிருந்து கீழே போட்டேன். அடித்தட்டுதான் கழன்றது, தலை கழலவில்லை. ஈட்டிக்காரர் சட்டைக் கை முன்கையில் தளர்வாக இருந்தது, அதனால் மணிக்கட்டில் எம்-சீலில் மெல்லிய பட்டை சுற்றி, ஊசியால் ஒரு பொத்தான் வைத்தேன். இப்போது பேட்டில்டிரெஸ்தான்.

டிடெக்டர்காரரை முன்னால் நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் ஒரு சுபேதாரை வைத்திருக்கிறேன், கையில் வெள்ளை நாடா. காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோவுக்கு அருகே, தன் ஆட்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணிவெடிமேல் விழுந்து உயிரை விட்டவர். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். அந்த உருவத்துக்கு மட்டும் முகத்தை இரண்டு தடவை அடித்து அழித்துவிட்டேன். தோல் நிறம் ஒவ்வொரு தடவையும் மண்நிறத்தில் செத்துப்போகிறது.

உப்புத்தாள்:

கருஞ்சிவப்பு கலந்த அடர் பழுப்பில் ஆரம்பியுங்கள், சாம்பல் சாயும் பழுப்பு வேண்டாம். ஒளி விழும் இடங்களுக்கு வெள்ளை கலக்காமல் ஆரஞ்சு சாயும் பழுப்பைக் கலந்து ஏற்றுங்கள், வெள்ளைதான் சாகடிக்கிறது. கீழுதட்டில் கொஞ்சம் மெரூன். நாலாவது இந்திய டிவிஷன் என்றால் தோளில் கருப்புச் சதுரத்தில் செங்கழுகு வரும், அதைக் கடைசியில் செய்யுங்கள். முடித்ததும் சுபேதாரின் படத்தைப் போடுங்கள், தம்பி.