பதிப்புரிமையை ஏற்காதவர்கள் எந்த உரிமம் போடுவது? ஆலோசனை தேவை

நண்பர்களே, மூன்று பேர் எழுதிய ஒரு சிறிய பைத்தான் நிரலகத்தை (பிற நிரல்களில் சேர்த்துப் பயன்படுத்தும் தொகுப்பை) வெளியிடப்போகிறோம். பின்னால் உரிமத்தை மாற்ற மூவரின் சம்மதமும் தேவைப்படும் என்பதால் இப்போதே முடிவெடுக்க வேண்டும்.

நகலெடுப்பதால் மூலம் குறைவதில்லை. ஆகவே பதிப்புரிமை சொத்தல்ல, அரசு தரும் தனியுரிமை என்பதே எங்கள் நிலை. நிரலைப் பகிர்பவர் மூலநிரலையும் தர வேண்டும் எனக் கேட்கும் ஜிபிஎல் உரிமம் அந்தத் தனியுரிமையை அதற்கு எதிராகவே திருப்புகிறது என்ற வாதம் வலுவானதுதான். ஆனால் மூலநிரலைக் கொடுக்காமல் இருப்பது யாருடைய உடைமையையும் பறிப்பதாகாது; கொடுப்பதைக் கட்டாயமாக்க நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில், திறமூல உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்றது.

உரிமமே போடாமல் விட்டால் இன்னும் மோசம், எல்லா உரிமையும் தானாக நமக்கே உரியதாகிவிடும். பதிப்புரிமையைத் துறக்கும் அறிவிப்பான சிசி-ஜீரோவின் 4(அ) பிரிவு பேட்டன்ட் உரிமையை (கண்டுபிடிப்புக்கான தனியுரிமையை) விட்டுக்கொடுப்பதில்லை; அதனால்தான் 2022-இல் ஃபெடோரா என்ற லினக்ஸ் திட்டம் புதிய நிரல்களுக்கு அதை நிறுத்தியது. ஜீரோ-பிஎஸ்டி உரிமம் எழுதியவர் பெயரைக் குறிப்பிடக்கூடக் கேட்பதில்லை, ஆனால் பேட்டன்ட் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பாச்சி 2.0 உரிமம் பேட்டன்டைப் பயன்படுத்தும் அனுமதியைத் தெளிவாகத் தருகிறது, கூடவே அறிவிப்புகளைக் காக்கும் நிபந்தனைகளும் வருகின்றன.

'அப்பாச்சி 2.0 அல்லது ஜீரோ-பிஎஸ்டி' என இரட்டை உரிமம் தந்தவர்கள் இருக்கிறீர்களா? ஜீரோ-பிஎஸ்டியைத் தேர்பவருக்கு பேட்டன்ட் பாதுகாப்பு உண்டா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 21-ஆம் பிரிவு பொது அறிவிப்பு மூலம் உரிமையைத் துறக்க இடம் தருகிறது. நிரலுக்கு யாராவது அதைப் பயன்படுத்தியிருந்தால், அறிவிப்பின் வாசகத்தைப் பகிருங்கள். கூட்டாக எழுதியதற்கு மூவரும் தனித்தனியே அறிவிக்க வேண்டுமா என்பதும் தெரிய வேண்டும்.