தாலுகா வாரியாக லீட் (வாங்க விரும்புவோரின் விசாரணை) பிரிப்பது: பின்கோடு விதி ஏன் தவறான ஆளிடம் கொண்டுபோய் விடுகிறது?

சொட்டுநீர்ப் பிரிவு, பாலக்கோடு:

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் சொட்டுநீர்ப் பாசனக் கருவிகளை விற்கும் ஒரு முகவர் நிறுவனத்தில் விளம்பரப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். களத்தில் எழுவர் இருக்கின்றனர். ஃபேஸ்புக் படிவம், இணையதளம், வாட்ஸ்அப், மிஸ்டு கால் ஆகிய நான்கு வழிகளில் விசாரணைகள் வருகின்றன. சென்ற மாதம் வரை காலையில் எக்செல் தாளைத் திறந்து நானே பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தேன்; இப்போது பிரசார மென்பொருளிலேயே தானாகப் பிரியும்படி விதி அமைத்துள்ளேன். பின்கோடு 636 என்று தொடங்கினால் தருமபுரிக் குழு, 635 என்று தொடங்கினால் கிருஷ்ணகிரிக் குழு; குழுவுக்குள் ஆளுக்கு ஒன்றாக முறை வைத்துப் போகும்.

எளிமையாகத்தான் தெரிந்தது. ஆனால் காரிமங்கலத்து விவசாயி ஒருவரின் விசாரணை ஓசூரில் இருப்பவருக்குப் போயிற்று. எங்களுக்கு முகவர் உரிமையே இல்லாத வாணியம்பாடியிலிருந்து வந்தவையும் கிருஷ்ணகிரிக் குழுவில் விழுகின்றன. படிவமும் நிரப்பி மிஸ்டு காலும் கொடுத்த ஒருவரை எங்கள் ஆட்கள் இருவர் அரை மணி நேர இடைவெளியில் அழைத்து இரு வேறு விலைகளைச் சொல்லிவிட்டனர், "உங்கள் கடையில் ஆளுக்கொரு கணக்கா?" என்று கேட்டவர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. போதாக்குறைக்கு, தங்கை திருமணத்துக்காக விடுப்பில் சென்ற ஒருவரின் பெயரில் ஒரு வாரம் ஒன்பது விசாரணைகள் உறங்கிக் கிடந்தன.

பின்கோட்டை விட்டுவிட்டுத் தாலுகாவைக் கொண்டு பிரிக்கலாமா? விதிகளை எந்த வரிசையில் அடுக்க வேண்டும்?

கள ஒருங்கிணைப்பாளர், ஊத்தங்கரை:

பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் துறை தன் தபால்களைப் பிரிப்பதற்காக வைத்துக்கொண்டவை. வருவாய் மாவட்ட எல்லைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோதும் பின்கோடுகள் அந்தக் கோட்டைப் பின்பற்றவில்லை. காரிமங்கலம் 635111, மொரப்பூர் 635305; இரண்டும் தருமபுரி மாவட்டம். வேறு மாவட்டத்தைச் சேர்ந்த திருப்பத்தூர் 635601, வாணியம்பாடி 635751, ஆம்பூர் 635802 ஆகியவையும் 635 வரிசையில்தான் வருகின்றன. ஆகவே தங்கள் மென்பொருள் தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்திருக்கிறது. பின்கோட்டையே வைத்துக்கொள்வதானால் ஆறு இலக்கங்களையும் ஒப்பிடும் அட்டவணை வேண்டும்.

ஆனால் தங்கள் தொழிலுக்குப் பின்கோடு பொருத்தமான கேள்வியே அல்ல என்பது என் கருத்து. தங்களுக்குத் தேவை விவசாயி குடியிருக்கும் ஊர் அன்று, நிலம் இருக்கும் ஊர். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு தேன்கனிக்கோட்டையில் மாந்தோப்பு வைத்திருப்பவர் தம் வீட்டுப் பின்கோட்டைத்தான் எழுதுவார். ஃபேஸ்புக் படிவத்தில் நகரம் என்ற கட்டத்தை வைத்தால் அவருடைய சுயவிவரத்தில் உள்ள பெங்களூர் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். "நிலம் எந்த வட்டத்தில் உள்ளது?" என்று கேளுங்கள். மானியத்துக்குச் சிட்டாவும் அடங்கலும் எடுப்பவருக்கு வட்டத்தின் பெயர் மனப்பாடமாக இருக்கும். தோட்டக்கலைத் துறை வட்டார (ஒன்றிய) வாரியாகத்தான் விண்ணப்பங்களைக் கையாளுகிறது என்றாலும், வட்டாரத்தைப் படிவத்தில் கேட்டுக் குழப்ப வேண்டாம். அழைத்துப் பேசுபவர் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

அதைத் தட்டச்சு செய்யவும் விடாதீர்கள். அரூரையே எச் எழுத்தோடு ஒருவரும் எச் இல்லாமல் இன்னொருவரும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். விதிக்கு அவை இரண்டு ஊர்கள். தருமபுரியில் 7, கிருஷ்ணகிரியில் 8, ஆகப் பதினைந்து வட்டங்களோடு "வேறு மாவட்டம்" என்பதையும் சேர்த்துத் தேர்வுப் பட்டியலாகக் கொடுங்கள். ஃபேஸ்புக் படிவத்தில், மாவட்டத்தைத் தொட்டவுடன் அதன் வட்டங்கள் மட்டும் வரும்படியான தொடர்க் கேள்வியை ஒரு சி.எஸ்.வி. கோப்பை (எக்செல் தாளைப் போன்ற எளிய அட்டவணைக் கோப்பு) ஏற்றி அமைக்க முடியும்.

வரிசையைப் பற்றி: பெரும்பாலான மென்பொருள்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற விற்பனை மென்பொருளில் ஒரே நேரத்தில் ஒரு லீட் ஒதுக்கீட்டு விதிதான் செயலில் இருக்க முடியும் என்பதால் எல்லா நிபந்தனைகளையும் அதற்குள்ளேயே அடுக்க வேண்டியிருக்கும். எதுவாயினும் முதல் படி, இந்த எண் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான்; இருந்தால் வட்டம் எதுவானாலும் பழைய ஆளிடமே போகட்டும். +91, முன்னால் பூஜ்யம், நடுவில் இடைவெளி என்று எண் பலவிதமாக வரும் என்பதால் கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். இதைச் செய்திருந்தால் இரண்டு விலை சொன்ன சங்கடம் நேர்ந்திருக்காது. அதன்பின் "வேறு மாவட்டம்" என்பவற்றை விலக்குங்கள், அதன்பின் வட்டம், கடைசியில் எதிலும் பொருந்தாதவை விழும் பொதுக்கூடை. அந்தக் கூடைக்கு ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும். "அட்மின்" என்ற பெயரில் விடப்பட்ட கூடையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

தளி சாலை, ஓசூர்:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் வட்டம் மட்டும் போதும் என்பது ஊத்தங்கரைக்குப் பொருந்தலாம், எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாது. ஓசூர், தளி, சூளகிரி, பர்கூர்ப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் விவசாயிகள் ஏராளம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லவில்லை. தம் மொழியில் பேசுபவரிடம்தான் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற உண்மையைச் சொல்கிறார்கள். எனவே படிவத்தில் "எந்த மொழியில் அழைக்கலாம்?" என்று கேட்டு, இந்தப் பகுதிகள் உள்ள வட்டங்களுக்கு மட்டும் மொழியை உள் நிபந்தனையாக வையுங்கள். எல்லா வட்டங்களுக்கும் வைத்தால் விதிகள் பெருகி, ஆறு மாதத்தில் எது எதற்கு என்று தங்களுக்கே விளங்காது.

ஆளுக்கு ஒன்றாக முறை வைப்பதும் நியாயமாகத் தோன்றுகிறதே தவிர நியாயமன்று. ஏரித் தண்ணீருக்கு முறை வைக்கும்போதுகூட நிலத்தின் பரப்பைப் பார்க்கிறோம். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என மானியம் இருப்பதால், சிறு விவசாயி சான்று முதல் எல்லாக் காகிதங்களையும் உடனிருந்து வாங்கித் தர வேண்டிய விசாரணை ஒன்று, கையிலிருந்து பணம் கட்டி உடனே வாங்குபவரின் விசாரணை மூன்றுக்குச் சமம். கையில் முடிவாகாதவை இத்தனைக்கு மேல் இருந்தால் புதிதாக விழாது என்று ஒவ்வொருவருக்கும் உச்சவரம்பு வையுங்கள்.

சொட்டுநீர்ப் பிரிவு, பாலக்கோடு:

இருவருக்கும் மிக்க நன்றி. நிலம் இருக்கும் வட்டத்தைக் கேட்க வேண்டும் என்பது இத்தனை நாளாக எனக்குத் தோன்றவே இல்லை. மிஸ்டு காலில் எண்ணைத் தவிர வேறொன்றும் வருவதில்லையே, அதை என்ன செய்வது? விடுப்பில் இருப்பவரின் விசாரணையை எவ்வளவு நேரம் கழித்து அடுத்தவருக்கு மாற்றலாம்?

கள ஒருங்கிணைப்பாளர், ஊத்தங்கரை:

மிஸ்டு காலை நேராகக் களத்துக்கு விடாதீர்கள். அலுவலகத்தில் ஒருவர் திரும்ப அழைத்து வட்டத்தையும் மொழியையும் கேட்டுப் பதிந்த பிறகே விதி ஓடட்டும். சுவர் விளம்பரங்களில் பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கத்துக்கு ஓர் எண், அரூர்ப் பக்கத்துக்கு வேறோர் எண் என்று கொடுத்தால் அந்த வேலையும் பாதியாகும்.

விடுப்பு என்பது கால அளவால் தீர்க்க வேண்டியதே அன்று. விடுப்பில் இருப்பவரின் நிலையை அன்று காலையிலேயே அணைத்துவிட்டால் அவர் பெயருக்கு எதுவும் விழாது. பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கான வசதி உண்டு. கெடு வேண்டியது, வேலையில் இருந்தும் அழைக்காதவருக்கு. நாங்கள் இரண்டு மணி நேரம் வைத்திருக்கிறோம். அந்தக் கடிகாரம் வேலை நேரத்தில் மட்டும் ஓட வேண்டும். முதலில் இதைக் கவனிக்காமல் விட்டதால், இரவு ஒன்பது மணிக்கு வந்த ஒரு விசாரணை விடிவதற்குள் ஐந்து பேர் கைமாறி, காலையில் யாருடையது என்ற சண்டையில் முடிந்தது. ஒரு முறை மாறியதும் பொதுக்கூடைக்குப் போகட்டும். அதற்கு மேல் சுற்ற விடாதீர்கள்.

இயக்குவதற்கு முன் வட்டத்துக்கு ஒன்றாகப் போலி விசாரணைகளை உள்ளிட்டு, எந்த விதி பிடித்தது என்பதைப் பதிவேட்டில் பாருங்கள். ஒரே எண்ணை இரு வழிகளில் அனுப்பியும் பாருங்கள். ஃபேஸ்புக் பக்கத்தின் நிர்வாகி மாறினால் மென்பொருளுடனான இணைப்பு ஓசையின்றி அறுந்துபோவதுண்டு. படிவத்தில் விழுந்தவை 90 நாட்கள் வரை அங்கேயே தரவிறக்கக் கிடைக்கும் என்பதால், திங்கட்கிழமைதோறும் அந்த எண்ணிக்கையை மென்பொருளில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுவிடுங்கள்.