படி ஏறி இறங்கும் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் கல்லூரி ஆண்கள் கபடி அணிக்குக் குவீன்ஸ் காலேஜ் படிச் சோதனை நடத்துகிறேன். 41.3 செ.மீ. உயரப் பெட்டி, மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 96 தட்டில், ஏறி இறங்க நான்கு தட்டு என நிமிடத்துக்கு 24 ஏற்றம், மொத்தம் 3 நிமிடம். நிறுத்திய 5-ஆவது விநாடியிலிருந்து 20-ஆவது வரை நாடியை எண்ணி, நான்கால் பெருக்கி, அதன் 0.42 மடங்கை 111.33-இலிருந்து கழித்தால் வி.ஓ.2 மேக்ஸ், அதாவது உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவு (ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மி.லி.), வந்துவிடும்.

சிக்கலே அந்த 15 விநாடியில்தான். வியர்த்த மணிக்கட்டில் ஒரு துடிப்பு விட்டுப்போனாலே நிமிடக் கணக்கில் 4 குறைகிறது. விடை கிட்டத்தட்ட 1.7 கூடிவிடுகிறது. அப்புறம் உயரம். குள்ளமான பையன் ஒவ்வொரு படிக்கும் முட்டியைத் தூக்கித் திணறுகிறான், ஆறடிக்காரன் அலட்டிக்கொள்ளாமல் ஏறுகிறான். டீ குடித்துவிட்டு வந்தவன் நாடி வேறு கதை. ஒரே ஆளின் முன்னேற்றத்தைப் பார்க்க இது போதும், ஆளுக்கு ஆள் ஒப்பிட்டு அணி தேர்வு செய்ய உதவாது என்றுதான் எனக்குப் படுகிறது.

டிரெட்மில்லில் மூச்சுக்காற்றை அளக்கும் ஆய்வகச் சோதனையோடு இதை யாராவது ஒப்பிட்டிருக்கிறீர்களா? எவ்வளவு வித்தியாசம் வந்தது? மார்பில் கட்டும் ஹார்ட் ரேட் மானிட்டர் வாங்கினால் பயன் உண்டா? குள்ளமானவர்களுக்குப் பெட்டி உயரத்தைக் குறைத்தால் அதே சூத்திரம் செல்லுமா, வேறு சோதனைக்கு மாற வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.