எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் வாரண்டி: பெங்களூரில் உங்கள் அனுபவம் எப்படி?

அல்சூரிலிருந்து எழுதுகிறேன். கோடை மழை ஆரம்பித்தால் எங்கள் தெருவில் கரண்ட் போவதும் வருவதும் வழக்கம். அப்படி ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது, திரும்ப ஆன் ஆகவில்லை. பிளாஸ்டிக் கருகிய வாடை வேறு. கேபினெட்டைத் திறந்தால், பிராசஸருக்குப் போகும் 8 பின் கனெக்டரில் ஒரே ஒரு துளை பழுப்பேறி உருகியிருந்தது. மற்ற ஏழும் புதுசு போல இருந்தன. கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கனெக்டர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, அதாவது கம்ப்யூட்டர் பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியிலிருந்து வருவது. எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. 5 வருட வாரண்டியில் பாதிகூட முடியவில்லை. கடைக்காரர், "நேரா சர்வீஸ் சென்டருக்கே போயிடுங்க சார், நாங்க அனுப்பினா லேட்டாகும்" என்றார். அங்கே கவுண்டரில் இருந்த பையன் கனெக்டரைப் பார்த்ததுமே, "பர்ன் மார்க் இருக்கு, ஃபிசிகல் டேமேஜ், வாரண்டி வராது" என்று பெட்டியை என் பக்கமே தள்ளிவிட்டான்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வெளியிலிருந்து வோல்டேஜ் எகிறி வந்தால் அடி முதலில் விழுவது கரண்ட் நுழையும் பக்கத்தில், அதாவது ஃபியூஸிலும் அதையொட்டிய எம்ஓவியிலும் (எகிறும் வோல்டேஜைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் பாகம்). இங்கே கருகியதோ 12 வோல்ட் வெளியே போகிற முனை, அதிலும் ஒரே ஒரு பின். பின் சரியாகக் கவ்வாவிட்டால் அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடேறும், பிளாஸ்டிக் உருகும். கொக்கி முழுசாக மாட்டியிருந்தது போட்டோவில் தெளிவாகத் தெரிந்தது. "சரி தம்பி, முடியாதுன்னா காரணத்தை ஜாப் ஷீட்ல எழுதி சீல் போட்டுக் கொடுங்க" என்றேன். பையன் தயங்கி, உள்ளே போய் சீனியரைக் கூட்டி வந்தான். அவர் கோலார் தங்கவயல்காரர், தமிழிலேயே பேசினார். ஸ்க்ரூ மேல் இருந்த ஸ்டிக்கர் கிழியவில்லை என்று பார்த்தார், சீரியல் நம்பரை பில்லோடு ஒத்துப் பார்த்தார். "வெச்சிட்டுப் போங்கண்ணா, நான் அனுப்புறேன்" என்றார். சில வாரம் கழித்து மாற்று வந்தது.

என் மாடல் இப்போது வருவதில்லையாம், வேறு மாடல் கொடுத்தார்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடியது) என்றால் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவைத்துப் புதுப் பெட்டியில் செருகிவிடாதீர்கள். கேபிள் உள்ளே பொருந்தலாம், ஆனால் பெட்டிப் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடலே மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் எஸ்எஸ்டி (டேட்டா சேமிக்கும் டிரைவ்) காலி. புதுப் பெட்டியோடு வந்த கேபிள்களைத்தான் போட வேண்டும். அப்புறம், எனக்கு வாரண்டி புதிதாகத் தொடங்கவில்லை. பழைய பில் தேதியிலிருந்தே கணக்கு.

*

நான் ராமமூர்த்தி நகரிலிருந்து. எனக்கு யூபிஎஸ் விஷயத்தில் இதே கதை. "பேட்டரிக்குத் தனி வாரண்டி, அது முடிஞ்சிடுச்சு" என்றார்கள். கெட்டதோ போர்டு. எழுதியும் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து, தமிழிலேயே சொல்லிப் புகார் பதிந்தேன். அதன் பிறகு கம்பெனியிலிருந்தே கூப்பிட்டு போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

*

பில் பற்றி ஒரு வார்த்தை. தெர்மல் பேப்பர் பில் வருடம் போகப் போக வெளுத்துவிடும். என் அண்ணனுக்கு வாரண்டி இருந்தும் தேதியே படிக்க முடியவில்லை. வாங்கிய அன்றே போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதித்தரச் சொல்லி, அதைப் பெட்டியில் இருப்பதோடு கடையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.