ஆர்என்ஏ இருக்கிறது, புரோட்டீன் மட்டும் காணோம்: உதவுங்கள்

எம்.எஸ்சி. மாணவர், வேலூர்
வணக்கம். ஈ.கோலை பாக்டீரியாவில் 28 கிலோடால்ட்டன் எடையுள்ள புரோட்டீன் ஒன்றை எடுக்க ஒரு மாதமாக முயல்கிறேன். பிரித்தெடுக்க உதவும் ஹிஸ் டேக் என்ற ஒட்டு, புரோட்டீனின் ஆரம்ப முனையில். ஜீனை இயக்கிவிடும் ஐபிடிஜி போட்டபின், ஆர்என்ஏவைக் கண்டறியும் ஆர்டி-பிசிஆரில் ஆர்என்ஏ வருகிறது. புரோட்டீன்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை இல்லை, ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்னில் மெல்லிய கோடு மட்டும். கரண்ட் போய் இந்த வெயிலில் ஷேக்கர் சூடாகிறதோ என்று 18 டிகிரியிலும் வளர்த்தேன், அதே நிலைதான். செல்லை உடைக்கும்போது, புரோட்டீனைச் சிதைக்கும் என்சைம்களைத் தடுக்கும் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டரும் போட்டேன். மாதக் கடைசியில் ரிவியூ.

ஆய்வு மாணவி, காட்பாடி
தம்பி, உடைக்கும்போது இன்ஹிபிட்டர் போட்டால் அதற்குப் பிறகு நடக்கும் சிதைவைத்தான் தடுக்கும். செல் உயிரோடு இருக்கும்போதே அழிந்திருந்தால் பயனில்லை. ஜீனின் கடைசி முனைக்கான ரிவர்ஸ் பிரைமரில், புரோட்டீன் இங்கே முடிகிறது என்று சொல்லும் ஸ்டாப் கோடான் இருக்கிறதா?

எம்.எஸ்சி. மாணவர்
இல்லை அக்கா! முதலில் டேகைக் கடைசி முனையில் வைக்க நினைத்து ஸ்டாப்பை எடுத்தோம். பிறகு வெக்டர் (ஜீனைச் சுமக்கும் பிளாஸ்மிட் டிஎன்ஏ) மாறியது, பிரைமர் மாறவில்லை. ஆனால் ஸ்டாப் இல்லாவிட்டால் புரோட்டீன் நீளமாகத்தானே வரவேண்டும்?

ஆய்வு மாணவி, காட்பாடி
வெக்டரில் அதே ஃபிரேமில் (எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் வரிசையில்) வேறு ஸ்டாப் வந்தால் நீளும். ஆர்என்ஏ முடியும் இடமான டெர்மினேட்டர் வரை ஸ்டாப் வராவிட்டால், புரோட்டீனைக் கட்டும் ரைபோசோம் எம்ஆர்என்ஏவின் நுனியில் போய் நின்றுவிடும். ஸ்டாப்பைப் படித்துப் புரோட்டீனை விடுவிக்கும் ரிலீஸ் ஃபேக்டர் படிக்க அங்கே கோடானே இல்லை.

பேராசிரியர், ராணிப்பேட்டை
இதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. காட்பாடி ஜங்ஷனுக்கு வெளியே ரயில் நின்றுவிட்டால் வேறு இன்ஜின் வந்து கோர்த்து இழுக்குமே, அப்படி வருவது டிஎம்-ஆர்என்ஏ. ஈ.கோலையில் 363 நியூக்ளியோடைடு நீளம். ஒரு பாதி அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் டிஆர்என்ஏ போல, இன்னொரு பாதியில் சொந்தமாக ஒரு குட்டிச் செய்தி. கூட வரும் எஸ்எம்பிபி என்ற புரோட்டீன், எம்ஆர்என்ஏ போகவேண்டிய வழி காலியாக இருந்தால்தான் தன் வாலை அதற்குள் நீட்ட முடியும். நின்றுபோன ரைபோசோம் அடையாளம் தெரிவது அப்படித்தான்.

முதலில் அந்த அலனின் சேரும். பிறகு ரைபோசோம் பழைய செய்தியை விட்டு, புதியதில் 10 கோடான் படித்து, அங்குள்ள ஸ்டாப்பில் இறங்கிவிடும். ஆக உங்கள் புரோட்டீனின் கடைசியில் 11 அமினோ அமிலம் கொண்ட வால். அதன் நுனியில் இருக்கும் இரண்டு அலனினைப் பிடித்துத்தான் கிளிப்எக்ஸ் என்ற என்சைம், ஏடிபி செலவழித்துப் புரோட்டீனின் மடிப்பைப் பிரித்து, கிளிப்பி என்ற வெட்டும் என்சைமின் அறைக்குள் தள்ளும். உள்ளே துண்டுதுண்டாகிவிடும். இப்படி வால் ஒட்டி அழிவுக்கு அனுப்பப்படுகிறது என்பது கீலர், வாலர், சாவர் மூவரும் 1996-இல் முன்வைத்த விளக்கம். வெஸ்டர்னில் தெரிந்த கோடு, அழிவதற்குமுன் அகப்பட்ட மிச்சமாக இருக்கலாம்.

சோதிக்க வேண்டுமா? டிஎம்-ஆர்என்ஏ ஜீன் நீக்கிய ஈ.கோலையில் இதே பிளாஸ்மிடைப் போடுங்கள், வாலில்லாமல் தேங்கவேண்டும். அங்கே ரைபோசோமை விடுவிக்க ஆர்ஃப்ஏ என்ற மாற்றுப் புரோட்டீன் இருப்பதால் செல் சாகாது. ஆனால் ஜீனைப் படிக்கத் தொடங்கும் இடமான புரமோட்டர் டி7 என்றால், அதைப் படிக்கும் டி7 பாலிமரேஸும் அந்த செல்லில் இருக்கவேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள். பிரைமரில் ஸ்டாப்பை இரட்டையாக, டிஏஏ டிஏஏ என்று வையுங்கள். ஜீனின் கடைசியில் ஏஜிஜி போன்ற அரிய கோடான்கள் அடுத்தடுத்து இருந்தாலும் இதே வால் ஒட்டும், அதையும் பாருங்கள்.

எம்.எஸ்சி. மாணவர்
சார், அக்கா, ரொம்ப நன்றி. டெர்மினேட்டர் வரை அந்த ஃபிரேமில் ஸ்டாப் இல்லவே இல்லை. ஏஜிஜி எங்கும் இல்லை. புது பிரைமரில் க்ளோன் செய்து நேற்று ஓட்டினேன், 28-இல் தடித்த பட்டை! பழைய பிளாஸ்மிடை எறியவில்லை. இரண்டையும் ஒரே ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி ரிவியூவில் காட்டப்போகிறேன்.